பெண் மகவு பெற்றது யார் குற்றம்?

"இதுவும் பெண்தானா?" என்று பிள்ளை பெற்றவளின் முகத்துக்கு நேரே கேட்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பாயா ரும்புட்டிலும், மலாக்காவின் தோட்டப்புறங்களிலும், பட்டணத்து வீடுகளிலும் இக்கேள்வியை நாம் கேட்டிருக்கிறோம். கருவிலே ஆண் பெண் என்னும் பிரிவு உண்டாகும் விதத்தை அறிந்தோர் இவ்வாறு கேட்கத் துணியார். அவ்வறிவு உலகுக்கு வந்த வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

முன்னோர் இதனைச் சிந்தியாமலில்லை. கூடும் வேளையில் மூச்சு வலப்புறம் ஓடின் ஆண், இடப்புறம் ஓடின் பெண் என்பது திருமந்திரத்தின் கருத்து. வெப்பத்தின் மிகுதியும் குறைவுமே காரணம் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். ரோமாபுரியில் வைத்தியம் புரிந்த காலன், சூலகத்தைப் பெண்ணின் விரை என்றே கொண்டார். 1672-ல் ஹாலந்து நாட்டு தெ கிராஃப் சூலகத்தின் நுண்பைகளை விவரித்த பின்னரே, அது தனித் தொழிலுடைய உறுப்பு என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க மாது மாவு வண்டுகளை ஆராய்ந்தார். ஆண் வண்டின் வித்துக்களிற் பாதி பெரிய குரோமோசோமையும், பாதி சிறியதையும் தாங்கியிருக்கக் கண்டார். மனிதரிடத்தும் அவ்வாறே. தாயின் முட்டை தருவது எக்ஸ் ஒன்றே. எக்ஸோ ஒய்யோ தருவது தந்தையின் வித்து. ஆண்மைக்கு வழிகாட்டுவது ஒய் என்பது மனிதரில் 1959-ல் தெளிவாயிற்று.

ஆயினும் முதல் ஆறு வாரம்வரை கருவின் உறுப்பில் வேற்றுமை காண்பதற்கில்லை. விரையாகவும் சூலகமாகவும் ஆகக்கூடிய ஒரே மேடுதான் அங்கே உண்டு. இருவகைக் குழாய்களும் எல்லாக் கருவிலும் அமைந்திருக்கின்றன. ஒய்யிலுள்ள ஒரு மரபணு விழித்தெழுந்தால் அம்மேடு விரையாகிறது. விரை சுரக்கும் ஒரு பொருள் பெண் குழாய்களை அழிக்கிறது. மற்றொன்று ஆண் குழாய்களை வளர்க்கிறது. 1947-ல் பிரெஞ்சு அறிஞர் அல்ஃபிரெட் ஜோஸ்ட், முயற்கருக்களின் விரையை முன்னதாகவே நீக்கிப் பார்த்தார். அவை யாவும் பெண்ணுருவே கொண்டன. அம்மரபணுவை 1990-ல் லண்டன் அறிஞர்கள் கண்டெடுத்தனர்.

இதனாற் சூலகம் தானாகவே விளைவது என்று பலர் எண்ணினர். அதுவும் பிழை. சூலகத்தை உருவாக்கவும் நிலைநிறுத்தவும் தனி மரபணுக்கள் உழைக்கின்றன என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. பெண் சிசுவிடம் ஐந்தாம் மாதத்தில் சுமார் 60 முதல் 70 லட்சம் முட்டை அணுக்கள் உண்டு. பிறக்கும்போது எஞ்சுபவை 10 முதல் 20 லட்சமே. ஆண் சிசுவின் விரையோ வித்தாக்கும் வேலையைப் பருவ வயதுவரை தள்ளிவைக்கிறது. இவ்வரிசையில் ஒரு படி மாறினால், ஆண் பெண் என எளிதில் வகுக்கவியலாத குழந்தையும் பிறப்பதுண்டு. அதுவும் இயற்கையின் மகவே.

இவ்வளவு அறிந்தும் என்ன பயன்? தமிழ்நாட்டில் உசிலம்பட்டி முதலிய இடங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையால், 1992-ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்படுத்த நேர்ந்தது. கருவில் பால் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் இந்தியாவில் சட்டமும் இயற்றப்பட்டது. இவற்றுக்கெல்லாம் வேர், தாயைக் குற்றவாளியாக்கும் அந்தக் கேள்வியே அன்றோ?

தாய் ஒய் தருவதில்லை. தந்தை தருகிறான், அவனும் தேர்ந்து தருவதில்லை. ஆகையால் குற்றம் என்பதே இங்கில்லை. ஒரே மேட்டிலிருந்து எழுந்த இருவரில் ஒருவரை உயர்ந்தவரென்றும் மற்றவரைத் தாழ்ந்தவரென்றும் கூறுவது அறிவுடைமை ஆகுமா? அடுத்த முறை பிள்ளை பார்க்கச் செல்லும்போது, "தாயும் சேயும் நலமா?" என்று மட்டும் கேட்போமாக.