டீசல் சூடேற்றி (கேம்பர் வேன்)

கரடுமுரடான பாதைகளில் செல்வதற்கென மாற்றியமைத்த கேம்பர் வேன்களின் உட்புறத்தைச் சூடாக்கும் கருவி. வண்டியின் டீசல் டேங்கிலிருந்தே எரிபொருளை எடுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓட வேண்டியதில்லை. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஷ்பெஷர் நிறுவனங்களின் கருவிகள் பெயர்பெற்றவை. எரிவாயுச் சூடேற்றிகளும் உண்டு. ஆனால் 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் பியூட்டேன் ஆவியாகாது என்பதால் அவற்றுக்குப் புரொப்பேனே ஏற்றது.

தேர்வில் பலரும் சறுக்குவது திறனில்தான். வெப்பக்காப்பு செய்த நடுத்தர வேனுக்குப் பெரும்பாலும் 2 கிலோவாட் போதும். பெரிய கருவியை வாங்கினால் அது எந்நேரமும் மந்தமாகவே எரியும். எரியறையில் கரி படிந்து, ஒருநாள் பற்றவே மறுக்கும். உயரமான மலைப்பகுதிகளில் காற்றின் அடர்த்தி குறைவதாலும் இதே கோளாறு வரும். அங்கே எரிபொருள் அளவைக் குறைக்கும் ஏற்பாடு உள்ள கருவி வேண்டும்.

பொருத்தும்போது, எரிவதற்கான காற்றை இழுக்கும் குழாயும் புகைக்குழாயும் வண்டிக்கு வெளியே, சேறும் ஆற்றுநீரும் எளிதில் புகாத இடத்தில் முடிய வேண்டும். எரிபொருள் பம்பை ரப்பர் தாங்கியில், வெளிவாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு அமைப்பார்கள். காற்றுக்குமிழ் தங்காது, இரவில் அதன் டிக்டிக் ஒலியும் குறையும். பற்றவைக்கும் சில நிமிடங்களில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும்; ஒயர் தடிமனாக இருக்கட்டும். புகைக்குழாய் இணைப்பு கசிந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரைக் கொன்றுவிடும். அதற்கான எச்சரிக்கைக் கருவி படுக்கையருகே இல்லாமல் இதை இயக்கவே கூடாது.