பெயர்ப் பட்டியல் யார் கையில்? சீத்தா கேம்பும் கிறிஸ்தவத் தொண்டின் வரம்பும்

ஏதிலியரிடையே கிறிஸ்தவத் தொண்டர்கள் ஆற்றிய பணி குறித்த எழுத்துகளில் பெரும்பாலானவை கொடுத்தவர் பக்கம் நின்று எழுதப்பட்டவை. எந்தச் சபை எவ்வளவு அரிசி வழங்கியது, எத்தனை மாலை வகுப்புகள் நடத்தியது என்ற கணக்கு அவற்றில் உண்டு. வாங்கிக்கொண்டவர்களின் பெயரை யார் எழுதினார்கள், அந்த ஏடு யாரிடம் இருந்தது என்று அவை கேட்பதில்லை. தொண்டின் தரத்தை இந்தக் கேள்வியை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் வாதம். தமிழர் திரளாக வாழும் மும்பை டிராம்பேயின் சீத்தா கேம்ப் அதற்குத் தக்க களம்.

சீத்தா கேம்ப்வாசிகளைச் சட்டம் ஏதிலியர் என்று சொல்லாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நாட்டெல்லையைத் தாண்டியவர்களுக்கானது. இந்தியா அதில் சேரவும் இல்லை. இவர்களோ ஒரே நகருக்குள் இருமுறை பெயர்க்கப்பட்டவர்கள். முதலில் நகரின் உட்பகுதிக் குடிசைகளிலிருந்து மாநகராட்சியே இவர்களைக் கொண்டுவந்து ஜனதா காலனியில் குடியமர்த்தியது. பின்னர் அதன் அருகே எழுந்த அணுசக்தி நிறுவனம், 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று அறியப்படுவது, அந்த நிலத்தைக் கேட்டது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, சுமார் 70,000 பேர் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதுவே சீத்தா கேம்ப். பொதுநலத் தேவை நிறுவப்படாமல் பெருந்திட்டங்களுக்காக மக்களை அகற்றுவதையும் தன்னிச்சையான இடப்பெயர்வாகக் கருதும் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தது 1998இல்தான்.

ஜனதா காலனியின் எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலின் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர். காலனியில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் படிப்புமாகத் தொடங்கினார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை. சுற்றுலா போகலாம் என்று பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கொரு காகிதப் பொட்டலமாகக் குப்பையைக் கட்டி எடுத்துவரச் செய்து, மாநகராட்சி அலுவலகத்தருகே போடவைத்தார். ஞாயிறு பள்ளி நடத்தும் எந்த ஊழியருக்கும் தெரிந்த உத்திதான்: பிள்ளைகள், பாட்டு, ஊர்வலம். ஆனால் இங்கே ஊர்வலம் போய் நின்ற இடம் வேறு. நீதிமன்றத்திலும், பின்னர் டெல்லி சென்று பிரதமரிடமும் அவர் முறையிட்டார். காலனி தப்பவில்லை. நெருக்கடி நிலையில் அவர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டார்.

அங்கே, மணிலாவின் டோண்டோ கடற்கரைக் குடிசைகளில் 1970இல் உருவான மக்கள் அமைப்புக்குப் பின்னால் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் ஊழியர்கள் இருந்தார்கள். சோறு போடுவதைவிட மக்களைத் திரட்டுவதே தம் வேலை என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். ஆசியத் திருச்சபைகளின் தொண்டு வரலாற்றில் இதை நான் பெரிய திருப்பமாகவே மதிப்பேன். நம் இறையியல் கல்லூரிகளில் இது போதுமான அளவு பேசப்படவில்லை.

மீண்டும் மும்பைக்கு வருவோம். மகாராஷ்டிர அரசு 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து 'போட்டோ பாஸ்' கொடுத்தது. பட்டியலில் பெயர் இருந்தால் மாற்று இடம் கேட்கலாம். விடுபட்டால் நேற்று வந்தவன் என்று தள்ளிவிடுவார்கள். அற்புதத்தின் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், 1984இல் தொடங்கிய ஸ்பார்க் நிறுவனமும், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் பின்னாளில் கைகோத்தபோது, கணக்கெடுப்பையே தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டன. வீட்டுக்கு வீடு எண் எழுதுவது, அளவுநாடா பிடிப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் அந்தந்தக் குடியிருப்பின் ஆட்களே. எழுதியதை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். விடுபட்ட பெயரை அங்கேயே சேர்ப்பார்கள். பூசல் வரும், ஆனால் பூசல் தெருவிலேயே தீரும். அதிகாரியின் மேசைக்குப் போகாது.

இந்த அமைப்புகள் மதம் சாராதவை. சீத்தா கேம்பிலும் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர் அல்லர். ஆகவே இதைக் கிறிஸ்தவத் தொண்டின் வெற்றி என்று உரிமை கொண்டாட இடமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே இடமுண்டு.

ஒப்புமைக்குத் தமிழகமே போதும். 1984இல் எஸ். சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் தொண்டர்களே ஏதிலியர். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் குடியுரிமை ஆவணமும் பெற்றுத்தந்த அதன் உழைப்பு, நிவாரணப் பொருள் விநியோகத்தைவிட நீடித்த பயன் தந்தது. நாடு திரும்பியவர்கள் கையில் கொண்டுபோனது அந்தக் காகிதத்தைத்தான்.

வெளியிலிருந்து வரும் தொண்டர் தேவையில்லை என்று இதற்குப் பொருளாகாது. வியட்நாமியப் படகு மக்களின் துயர்கண்டு இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1980இல் நிறுவிய இயேசு சபை அகதிகள் பணி, உடனிருத்தல், பணிபுரிதல், பரிந்துபேசுதல் என்று தன் கடமையை வகுத்துக்கொண்டது. தமிழக முகாம்களில் ஈழ ஏதிலியரிடையே பணியாற்றிய அருட்பணியாளர் அலெக்சிஸ் பிரேம்குமார், அதன் சார்பில் ஆப்கானிஸ்தான் சென்று, 2014 ஜூனில் ஹெராத் அருகே கடத்தப்பட்டு, 2015 பிப்ரவரியில்தான் மீண்டார். அந்தத் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் உடனிருப்பவர் ஒருநாள் ஊர் திரும்புவார். ஏடு யாரிடம் விட்டுச்செல்லப்படுகிறது என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

மக்களே எழுதிய பட்டியலுக்கும் ஆபத்து உண்டு. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக அகற்றப்பட்டவர்களின் மறுகுடியமர்த்தலில் ஸ்பார்க் பங்கேற்றது. பாதிக்கப்பட்ட கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். 2006இல் வங்கி சாலைப் பணிகளுக்கான கடனைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. அகற்றப்பட்டவர்களில் பலர் வந்து சேர்ந்தது மான்கூர்டின் லல்லுபாய் காம்பவுண்டுக்கு. சீத்தா கேம்ப் இருக்கும் அதே எம்-கிழக்கு வார்டு அது. பட்டியல் எழுதுகிறவர் கடன் கொடுப்பவருக்கு மட்டும் பதில் சொல்லத் தொடங்கினால், அவர் குடிசையிலிருந்து வந்தவராக இருந்தாலும் கோயிலிலிருந்து வந்தவராக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஏதிலியரிடையே பணிபுரியும் நம் திருச்சபை அமைப்புகள் தங்கள் பயனாளிப் பதிவேட்டின் ஒரு படியை, திருத்தும் உரிமையோடு, அந்த மக்களின் குழுவிடமே கொடுக்க வேண்டும்.