2003 உலகப் போக்கர் தொடர்: ஃபார்ஹா கவிழ்த்த சீட்டு

2003-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஆடியவர்கள் 839 பேர். இறுதியில் இருவர் எஞ்சினர். ஒருவர் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா. மற்றவர் டென்னசியைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச்சுற்றின் வழியாக அவர் இங்கு வந்திருந்தார். மணிமேக்கர் என்பது பட்டப்பெயர் அல்ல, குடும்பப் பெயரேதான்.

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள். மேசையில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து. ஐந்தாவது பொதுச்சீட்டின் பெயர் ரிவர். அதன்பின் வேறு சீட்டு வராது. எதிராளி பந்தயம் வைத்தால், அதே தொகையை வைத்து அவர் சீட்டைக் காட்டச் செய்யலாம்; இல்லையேல் தன் சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

புகழ்பெற்ற அந்தச் சுற்றில் ஃபார்ஹாவிடம் ஸ்பேட் ராணியும் ஹார்ட்டின் 9-உம் இருந்தன. மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜா, ஹார்ட்டின் 7. மேசையில் முதலில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6. நான்காவதாக ஸ்பேட் 8. ஃபார்ஹா 3,00,000 சில்லுகள் வைத்தார், மணிமேக்கர் 8,00,000 ஆக உயர்த்தினார், ஃபார்ஹா ஈடுகொடுத்தார். ரிவரில் வந்தது ஹார்ட்டின் 3. மணிமேக்கர் எதிர்பார்த்த ஐந்தாவது ஸ்பேடும் வரவில்லை, வரிசையும் சேரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லாத நிலையில் அவர் அனைத்தையும் பந்தயமாகத் தள்ளினார்.

ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். ஃபிளஷ் சேராமல் போயிற்றோ என்று எதிராளியிடமே கேட்டார். மணிமேக்கர் அசையவில்லை. ஃபார்ஹா 9 ஜோடியைக் கவிழ்த்தார்.

இத்தகைய முடிவில் சொந்தச் சீட்டின் வலிமை பாதிக் கதைதான். நடுவில் சேர்ந்த தொகைக்குச் சமமான பந்தயம் வந்தால், மூன்றில் ஒரு முறை எதிராளி ஏமாற்றினாலே ஈடுகொடுப்பது நட்டமாகாது. பந்தயம் பெரிதாகப் பெரிதாக அந்த விகிதம் பாதியை நோக்கி உயரும். ஃபார்ஹாவுக்குச் சாதகமான குறிப்பு ஒன்று அவர் கையிலேயே இருந்தது: ஸ்பேட் ராணி. அதனால் எதிராளியிடம் இரண்டு ஸ்பேட் அமைந்திருக்கக்கூடிய இணைகள் 45-இலிருந்து 36 ஆகக் குறைந்தன. ஆனால் இது தொடர்போட்டி. மணிமேக்கரிடம் சில்லுகள் அதிகம் என்பதால், ஈடுகொடுத்துத் தோற்றால் ஃபார்ஹா அங்கேயே வெளியேற வேண்டும். ஊகம் சரியாக இருந்தும் அதை நம்பிப் பணம் வைக்க அவர் துணியவில்லை. இதைக் கோழைத்தனம் என்பது நியாயமாகாது. இரு கைகளையும் கண்டவர்கள், மறைசீட்டைக் காட்டும் கேமரா வழியாகப் பார்த்த தொலைக்காட்சி நேயர்கள் மட்டுமே.

பின்னர் வந்த கடைசிச் சுற்றில் ஃபார்ஹாவிடம் ஜாக்கி ஜோடி. மணிமேக்கரிடம் 5-உம் 4-உம். இம்முறை ஃபார்ஹா பின்வாங்கவில்லை. ரிவரில் இன்னொரு 5 விழுந்து மணிமேக்கருக்கு ஃபுல் ஹவுஸ் அமைந்தது. 25 லட்சம் டாலர் பரிசும் கிடைத்தது. இணையத்தில் ஆடிவந்த சாதாரணர்கள் திரண்டனர். மறுஆண்டு முதன்மைப் போட்டியில் 2,576 பேர் ஆடினர். 2006-இல் 8,773 பேர்.