பள்ளிக்குப் போகும் வழிக்கு அரசு தந்த பணம்

1969-ல் அமெரிக்காவில் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் அது 13 சதவீதம்! இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பள்ளிகள் ஊருக்கு வெளியே போயின, சாலைகள் அகலமாயின, பல இடங்களில் நடைபாதையே போடப்படவில்லை. ஆபத்து என்று பயந்து பெற்றோர் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கார்களால் பள்ளி வாசலில் நெரிசல் கூடி, நடந்து வருகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகமானது.

இதற்கு வழி காட்டியது டென்மார்க். 1970-களில் அங்கே ஓடென்ஸ் நகரில், எந்தெந்த இடம் பயமாக இருக்கிறது என்று மாணவர்களிடமே கேட்டு, அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். அமெரிக்காவில் இந்த யோசனை 1997-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்தது. 1999-ல் கலிபோர்னியா இதற்கென்று சட்டமே போட்டது. 2000-ல் மத்திய அரசு மரின் கவுண்டி, ஆர்லிங்டன் ஆகிய இரண்டு ஊர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது.

அதன் பிறகுதான் 2005-ல் 'பள்ளிக்குப் பாதுகாப்பான வழிகள்' என்ற தேசியத் திட்டம் பிறந்தது. மினசோட்டா காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் ஓபர்ஸ்டார் இதற்காகப் பாடுபட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு 61.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மாநிலம் எவ்வளவு சிறியதானாலும் வருடத்துக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் கிடைக்கும். இதில் 70 முதல் 90 சதவீதம் நடைபாதை, சாலையைக் கடக்கும் இடம், சைக்கிள் பாதை போன்ற கட்டுமானத்துக்கு. மீதி பயிற்சிக்கும் விழிப்புணர்வுக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், முழுச் செலவும் மத்திய அரசுடையது. உள்ளூர் ஒரு டாலர்கூடப் போட வேண்டியதில்லை.

பலன் கிடைத்ததா? நியூயார்க் நகரில் இந்த வேலைகள் நடந்த பகுதிகளில், பள்ளி போய்வரும் நேரத்தில் நடந்து செல்லும் பிள்ளைகள் அடிபடுவது 44 சதவீதம் குறைந்ததாக 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வேலை நடக்காத பகுதிகளில் பெரிய மாற்றமில்லை.

சிக்கல்களும் இருந்தன. பணத்தை முதலில் செலவழித்துவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும். ஒரு தெரு நடைபாதைக்கும் நெடுஞ்சாலைக்கு உள்ள விதிகளே பொருந்தின. பொறியாளர்கள் உள்ள பெரிய ஊர் சமாளித்தது, சிற்றூர் திணறியது.

2012-ல் வந்த சட்டம் இந்தத் திட்டத்தின் தனி நிதியை நிறுத்தி, வேறு பல வேலைகளோடு ஒரே நிதியில் சேர்த்துவிட்டது. பொதுவாக 20 சதவீதத்தை உள்ளூர் தரப்பு போட வேண்டும் என்றும் ஆனது. 2021 சட்டம் திட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரித்தது. சாலை உயிரிழப்பைக் குறைக்க ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் மானியத்தையும் அறிவித்தது. அதிலும் அதே 20 சதவீத நிபந்தனை உண்டு.

நடைபாதை இல்லாத தெருக்கள் அதிகம் இருப்பது பெரும்பாலும் ஏழை ஊர்களில்தான். அந்த 20 சதவீதத்தைப் புரட்ட முடியாதவையும் அதே ஊர்கள்தான்.