சோழர் நில அளவையில் ஒரு பேரெண்

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் வட்டாரத்தில், வரிச்சிக்குடி முதலிய ஊர்களில், வயலின் பரப்பைக் குழி, மா, வேலி எனக் கூறும் வழக்கு உண்டு. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மா என்பது நில அளவின் பெயராதலோடு, இருபதில் ஒன்று எனப் பொருள்படும் கீழ்வாயெண்ணின் பெயருமாம். எண்ணும் நிலமும் இவ்வாறு ஒரு சொல்லில் ஒன்றி நிற்றலை உளங்கொண்டே ஈண்டுப் பேரெண் ஒன்றினை ஆராய்தல் வேண்டும்.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பெற்றுள்ளது என்பது சோழர் வரலாறு எழுதினோர் எடுத்துக்காட்டும் செய்தி. இது கொண்டு, அத்துணை நுட்பமாகச் சோழர் நிலத்தை அளந்தனர் என வியந்துரைப்பர். வியப்புக்கு இடம் உண்டு. ஆயின் அது கோல் பிடித்தவனுக்கு உரியதன்று என்பதே எம் கருத்து.

இக்கால வழக்கின்படி ஒரு மா 14,400 சதுர அடி. வேலி 2,88,000 சதுர அடி. சோழர் கால வேலி இதனின் சிறிது வேறுபட்டிருப்பினும், மேற்கூறிய பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டரே ஆகும். வேலிக்கு நூறு கலம் நெல் இறை எனக் கொள்வோம். 96 நாழி ஒரு கலம். 14,400 நெல் ஒரு நாழி என்பது வாய்பாடு. அவ்வாறாயின் இப்பங்கிற்கு உரிய இறை ஒரு நெல்லின் 379-இல் ஒரு கூறளவினது! இதனை அளந்த கோலும் இல்லை. கொடுத்த குடியும் இல்லை.

பின் இவ்வெண் எங்ஙனம் தோன்றிற்று? அதன் வகுத்திகளே விடை கூறும். 320-இல் ஒன்று முந்திரி. கல்வெட்டு வழக்கில் 'கீழ்' என்னும் சொல் வருந்தொறும் அதனை அடுத்து நிற்கும் அளவு 320-இல் ஒரு பங்காகச் சுருங்கும். நான்கு 320-களைத் தம்முள் பெருக்க 10,485,760,000 ஆம். அதனை ஐந்தால் பெருக்க நம் எண் கிடைக்கும். நான்மா என்பது ஐந்தில் ஒன்றாதலின், நான்கு கீழும் ஒரு நான்மாவும் சேர்ந்த அளவே இது. இரண்டு இருபத்துநான்கு முறையும் ஐந்து ஐந்து முறையும் பெருகி நிற்பதன்றி, வேறு பகா எண் எதுவும் இதனுட் புகவில்லை. ஊரின் முழுப்பரப்பினின்று நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கு இறை கட்டுவது அக்காலக் கணக்கு முறை. கழித்ததும் எஞ்சியதும் கூடி முழுமையொடு ஒத்துவரல் வேண்டும் எனக் கணக்கர் காத்த ஒழுங்கின் பயனே இப்பேரெண் எனல் தகும்.

எண் பெரிதாயினும் அதன் வகுத்திகள் 150-ஏ. 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில், தம்மினும் சிறிய எவ்வெண்ணினும் மிகுதியான வகுத்திகளை உடைய எண்களை ஆராய்ந்தார், கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன். அத்தகைய எண்களுள் ஒன்று 48,886,437,600. நம் எண்ணினும் சிறியதாகிய இதற்கு வகுத்திகள் 3,456!

இவ்வேறுபாடு வெறும் எண் விளையாட்டன்று. ஒரு வேலியை மூவர் ஒப்பப் பங்கிடின் ஒருவர்க்கு 106 முந்திரியும், ஒரு முந்திரியின் மூன்றில் இரு கூறும் வரும். அக்கூற்றைக் கீழ்முந்திரியாக்கினால் 213-உம் மூன்றில் ஒன்றும் ஆம். எத்துணைப் படி கீழிறங்கினும் மிச்சம் ஒழியாது. உடன்பிறந்தார் மூவர் உள்ள குடியில் இஃது அன்றாடச் சிக்கல். பிற்கால வாய்பாடுகளுள் ஒன்று 21 இம்மி ஒரு கீழ்முந்திரி என வகுத்து, மூன்றையும் ஏழையும் உள்ளே கொணர்ந்தது. அவ்வாய்பாட்டின்படி இம்மி 2,150,400-இல் ஒன்று. இவ்வெண் தஞ்சை எண்ணின் இருபத்து நாலாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் இதன் வகுத்திகள் 156.