மருந்தகமும் மன்றமும்

திருவண்ணாமலைச் சிற்றூர்களிலிருந்து மருத்துவம் பயிலச் சென்ற என் மாணவர் சிலர், மருத்துவருக்கு அரசியல் எதற்கு என வினவுவதுண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்வே விடை என்பேன்.

பேருந்துத் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904-இல் பிறந்தார். இளமையிலேயே கணவரை இழந்தும் மனந்தளராது, டில்லியில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். 1940-இல் மணந்த காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனுடன், 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சின்னாளபட்டியில் சிறு மருந்தகம் திறந்தார்.

நோயை மருந்து தீர்க்கும். நோய்க்கு வித்திடும் வறுமையையும் அறியாமையையும் தீர்க்கச் சட்டமும் பள்ளியும் வேண்டுமன்றோ? 1952-இல் சட்டமன்றம் புகுந்தார். 1962-இல் நாடாளுமன்றம் சென்று, மத்திய கல்வித் துணை அமைச்சரானார்.

1967-இல் அப்பதவி முடிந்தது. 1984-இல் அவரும் மறைந்தார். அச்சிறு மருந்தகமோ கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்து, இன்றும் சிற்றூர்த் தாய்மாரைக் காக்கிறது.