ஜி6பிடி குறைபாடு இருந்தா மயக்க மருந்து ஆபத்தா?

ஆபரேஷனுக்கு முன்னாடி கொடுக்கிற தூக்க மருந்து மூளையை மட்டும் தொடுவதில்லை. ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களுக்கும் போகுது. அங்கே இருக்கும் ஜி6பிடி என்ற நொதிதான் சிவப்பணு சிதையாமல் காக்கிறது. உலகில் சுமார் 40 கோடி பேருக்கு இது பிறவியிலேயே குறைவு. ஆண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

ஆய்வகச் சோதனையில் டயஸெபாம், மிடாஸோலாம் இரண்டும் இந்த நொதியின் வேகத்தைக் குறைத்தன. கெட்டமைன் குறைக்கவில்லை. ஆனா சோதனைக் குழாய் வேற, உடம்பு வேற. குறைபாடு உள்ளவங்களுக்கும் மிடாஸோலாம் கொடுத்து பிரச்னையில்லாமல் ஆபரேஷன் நடந்திருக்கு. அதனால பயந்துபோய் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க.

சிவப்பணுக்களை நிஜமாவே உடைக்கிற மருந்துகள் வேற: மலேரியாவுக்கான பிரைமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன், மெத்திலீன் புளூ. கிருமித்தொற்றும் உடைக்கும்.

குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சா மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்களுக்குள் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவமனைக்குப் போகணும்.